தரையில் வரைந்த வட்டம்: தாயிச்சி ஓனோவின் கதை

பாலிடெக்னிக்கில் இயந்திரப் பொறியியல் படித்துக்கொண்டிருந்த காலத்தில், தொழிற்பயிற்சிக்காகப் பிறையில் உள்ள ஓர் உதிரிப்பாகத் தொழிற்சாலைக்குச் சென்றேன். அங்கே எனக்கு வழிகாட்டியாக அமைந்தவர், பணி ஓய்வுக்கு இன்னும் இரண்டே ஆண்டுகள் இருந்த ஒரு மூத்த மேற்பார்வையாளர். நம் நாடு 1982இல் கிழக்கு நோக்கும் கொள்கையை அறிவித்த பிறகு, ஜப்பானுக்குப் பயிற்சிக்குச் சென்று வந்த இளைஞர்களில் அவரும் ஒருவர். எல்லாரும் அவரை ஐயா என்றே அழைப்போம்.

இரண்டாவது வாரம் ஒரு காலை, ஐயா சுண்ணக்கட்டியால் தரையில் ஒரு வட்டம் வரைந்தார். அதற்குள் நின்று எதிரே நடக்கும் வேலையைப் பார்க்கும்படி சொல்லிவிட்டுப் போய்விட்டார். எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்லவில்லை. முதல் அரை மணி நேரத்தில் எனக்குக் கோபம்தான் வந்தது. படிக்க வந்தவனைத் தண்டிப்பதுபோல் நிற்க வைத்துவிட்டாரே என்று நினைத்தேன். ஒரு மணி நேரம் கழிந்ததும் வேறு வழியின்றி கவனிக்கத் தொடங்கினேன். ஓர் அக்கா ஒவ்வொரு பெட்டிக்கும் ஒன்பது அடி நடந்து போய் வந்தார். ஒரு தம்பி இயந்திரம் முடிக்கும்வரை கைகட்டி நின்றார். முடிந்த பாகங்கள் ஒரு மூலையில் மலைபோல் குவிந்திருந்தன. அடுத்த பிரிவில் அவற்றைக் கேட்டு ஆளே வரவில்லை.

மதியம் ஐயா வந்து என்ன பார்த்தாய் என்று கேட்டார். சொன்னேன். தலையசைத்துவிட்டு, இந்த வட்டம் தன்னுடையது அல்ல, தாயிச்சி ஓனோ என்பவருடையது என்றார். அன்று தேநீர் நேரத்தில் தொடங்கிய அந்தக் கதையை, பிறகு நானே தேடிப் படித்தும் தெரிந்துகொண்டேன். பொறியியல், வணிகம், மருத்துவமனை நிர்வாகம் என எந்தத் துறைக்குப் போகும் மாணவரும் அறிய வேண்டிய வாழ்க்கை அது.

நான்கு ஆண்டுக்கு ஒரு பிறந்தநாள்

தாயிச்சி ஓனோ 1912ஆம் ஆண்டு பிப்ரவரி 29ஆம் நாள் பிறந்தார். லீப் ஆண்டில் மட்டுமே வரும் தேதி என்பதால், 78 ஆண்டுகள் வாழ்ந்தும் அவருக்குப் பிறந்தநாள் 19 முறைதான் வந்தது. பிறந்த இடம் ஜப்பான் அல்ல. அப்போது ஜப்பானின் பிடியில் இருந்த சீனத் துறைமுக நகரமான தாலியான். பின்னர் ஜப்பானில் நகோயா உயர் தொழில்நுட்பப் பள்ளியில் இயந்திரப் பொறியியல் படித்து, 1932இல் டொயோடா நூற்பு நெசவு நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தார்.

பெயரைக் கவனியுங்கள். குடும்பத்தின் பெயர் டொயோடா. கார் நிறுவனம் தொடங்கியபோதுதான் அது டொயோட்டா என மாறியது. அந்தக் குடும்பத்தின் மூத்தவர் சாக்கிச்சி டொயோடா, 1867இல் பிறந்த தறி கண்டுபிடிப்பாளர். அவருடைய தானியங்கித் தறிகளின் சிறப்பு வேகம் மட்டும் அல்ல. நெய்துகொண்டிருக்கும்போது ஒரு நூல் அறுந்தால் தறி தானாகவே நின்றுவிடும். இதனால் பழுதான துணி நீளமாக நெய்யப்படுவது தடுக்கப்பட்டது. ஒவ்வொரு தறிக்கும் ஒருவர் காவல் நிற்க வேண்டியதில்லை என்பதால், ஒரே தொழிலாளி பல தறிகளைக் கவனிக்க முடிந்தது. நின்றுபோன தறிக்கு மட்டும் போனால் போதும்.

இளைஞர் ஓனோ இதைத் தினமும் பார்த்தார். தவறு நேர்ந்தவுடன் நிற்கத் தெரிந்த இயந்திரம் என்ற எண்ணம் அவர் மனத்தில் ஆழமாகப் பதிந்தது.

அதே காலத்தில், 1937 வாக்கில், இன்னொரு செய்தியும் அவரை உலுக்கியது. ஒரு ஜெர்மானியத் தொழிலாளி செய்யும் வேலைக்கு மூன்று ஜப்பானியர் தேவை, ஓர் அமெரிக்கர் செய்யும் வேலைக்கு மூன்று ஜெர்மானியர் தேவை என்று அவரிடம் ஒருவர் சொன்னார். அப்படியானால் ஓர் அமெரிக்கருக்கு ஒன்பது ஜப்பானியர். இதைக் கேட்டு அவர் தாழ்வு மனப்பான்மையில் மூழ்கவில்லை. கணக்குப் போட்டுப் பார்த்தார். ஓர் அமெரிக்கர் உடல் உழைப்பில் ஒன்பது மடங்கு பாடுபட முடியாது. ஆகவே, ஜப்பானியர்கள் ஏதோ ஓர் இடத்தில் பெரிய அளவில் வீணாக்குகிறார்கள். அந்த வீணை நீக்கினால் உற்பத்தி பல மடங்கு உயரும். அவருடைய வாழ்நாள் வேலை இந்தக் கணக்கிலிருந்தே பிறந்தது.

போருக்குப் பின் ஒரு பட்டறை

1943இல் ஓனோ டொயோட்டா கார் நிறுவனத்துக்கு மாற்றப்பட்டார். 1945 ஆகஸ்டில் ஜப்பான் போரில் தோற்றது. நிறுவனத்தை நடத்தி வந்த சாக்கிச்சியின் மகன் கீச்சிரோ டொயோடா, மூன்று ஆண்டுகளில் அமெரிக்காவை எட்டிப் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் ஜப்பானின் கார் தொழில் பிழைக்காது என்று இலக்கு வைத்தார். தேவையான பாகம் தேவையான நேரத்தில் தேவையான அளவு மட்டும் வந்து சேர வேண்டும் என்ற எண்ணமும் கீச்சிரோவுடையதே. அதை நடைமுறைக்குக் கொண்டுவரும் வழிதான் அப்போது இல்லை.

ஹென்றி ஃபோர்டின் முறையை அப்படியே நகலெடுக்க முடியாதா என்று நீங்கள் கேட்கலாம். முடியாது. ஃபோர்டு முறை ஒரே மாதிரிப் பொருளை மிகப் பெரிய எண்ணிக்கையில் செய்து விலையைக் குறைப்பது. போரில் சிதைந்த ஜப்பானில் கார் வாங்குவோர் குறைவு, வேண்டப்பட்ட வாகன வகைகளோ பல. செய்து குவித்துவிட்டு வாங்குவோருக்காகக் காத்திருக்க நிறுவனத்திடம் பணமும் இல்லை, கிடங்கும் இல்லை. சிறிய அளவில், பல வகைகளை, குறைந்த செலவில் செய்ய வேண்டும். இதுதான் ஓனோவின் முன் இருந்த கணக்கு.

1947 முதல், தம் பொறுப்பில் இருந்த இயந்திரப் பட்டறையில் சோதனைகளைத் தொடங்கினார். அதுவரை ஒரு தொழிலாளிக்கு ஓர் இயந்திரம். கடைசல் இயந்திரக்காரர் கடைசல் மட்டுமே செய்வார், துளையிடுபவர் துளை மட்டுமே இடுவார். ஓனோ இயந்திரங்களை வேலை நடக்கும் வரிசைப்படி மாற்றி அடுக்கி, ஒருவரே இரண்டு இயந்திரங்களையும், பிறகு மூன்று நான்கு இயந்திரங்களையும் கவனிக்கும்படி செய்தார். தறிக்கூடத்தில் கண்ட பாடம் இங்கே கைகொடுத்தது.

அனுபவம் மிக்க தொழிலாளர்கள் இதை விரும்பவில்லை. தங்கள் கைத்திறனுக்கு மதிப்பில்லாமல் போகிறதே என்று வருந்தினார்கள். எதிர்ப்பு பலமாக இருந்தது. அவர்கள் அஞ்சியதற்கும் காரணம் இருந்தது. 1949, 1950 ஆண்டுகளில் டொயோட்டா திவாலாகும் நிலைக்கு வந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலை இழந்தனர். பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. இதற்குப் பொறுப்பேற்று கீச்சிரோ 1950இல் தலைவர் பதவியிலிருந்து விலகினார். இரண்டு ஆண்டுகளில் காலமும் ஆனார்.

அவர் விலகிய சில நாட்களிலேயே கொரியப் போர் வெடித்தது. லாரிகளுக்கு ஆர்டர்கள் குவிந்தன. நிறுவனம் தப்பித்தது. ஆனால், ஓனோ ஒன்றை மறக்கவில்லை. விற்பனை பெருகும்போது ஆளையும் பொருளையும் கண்ணை மூடிக்கொண்டு கூட்டினால், சரியும்போது மறுபடியும் ஆட்குறைப்புதான். ஆகவே, நல்ல காலத்திலேயே வீணை நீக்கப் பழக வேண்டும்.

பேரங்காடி கற்றுத்தந்த பாடம்

அந்நாளில் பட்டறையில் இன்னொரு தொல்லை இருந்தது. மாதத்தின் முதல் பாதியில் ஏதேனும் ஒரு பாகம் வந்திருக்காது. எல்லாம் வந்து சேர்ந்ததும், மாதக் கடைசியில் இரவு பகலாகப் பொருத்துவார்கள். பரீட்சைக்கு முந்தைய இரவு மட்டும் படிக்கும் மாணவர் நிலைதான்.

முந்தைய பிரிவு, செய்ததையெல்லாம் அடுத்த பிரிவுக்குத் தள்ளிவிடுவதே இதற்குக் காரணம் என்று ஓனோ கண்டார். இதைத் தலைகீழாக்கினால் என்ன? அமெரிக்கப் பேரங்காடிகளைப் பற்றி அவர் கேள்விப்பட்டிருந்தார். அங்கே வாடிக்கையாளர் தமக்கு வேண்டியதை, வேண்டிய அளவு மட்டும் அலமாரியிலிருந்து எடுக்கிறார். எடுத்த இடம் காலியானதும், அதே அளவு பொருளைக் கடைக்காரர் மீண்டும் அடுக்குகிறார். யாரும் வாடிக்கையாளர் வீட்டில் கொண்டுபோய்க் குவிப்பதில்லை.

தொழிற்சாலையில் அடுத்த பிரிவை வாடிக்கையாளராகவும், முந்தைய பிரிவைக் கடையாகவும் அவர் கருதினார். 1950களின் தொடக்கத்தில் தம் பட்டறையில் இதை முயன்றார். 1956இல் அமெரிக்கா சென்று கார் தொழிற்சாலைகளைப் பார்வையிட்டபோது, பேரங்காடிகளையும் நேரில் கண்டார்.

இதை நடத்தத் தேவைப்பட்டது ஒரு சாதாரண அட்டை. கன்பான் என்று அதற்குப் பெயர். ஜப்பானிய மொழியில் பெயர்ப்பலகை என்று பொருள். ஒவ்வொரு பெட்டியோடும் ஓர் அட்டை இருக்கும். பெட்டியிலிருந்து பாகங்களை எடுத்ததும் அட்டை முந்தைய பிரிவுக்குத் திரும்பும். அட்டையில் உள்ள எண்ணிக்கையை மட்டுமே அவர்கள் செய்வார்கள். அட்டை வராவிட்டால் செய்யக் கூடாது. பெரிய கணினியோ தடித்த பதிவேடுகளோ தேவைப்படவில்லை. சுமார் பத்து ஆண்டுகள் பட்டறை பட்டறையாகப் போராடி, 1962 வாக்கில் டொயோட்டா முழுவதற்கும் கன்பான் முறையைக் கொண்டுசேர்த்தார்.

சிறிய அளவில் பல வகை செய்ய வேண்டுமானால், இயந்திரத்தின் அச்சுகளை அடிக்கடி மாற்ற வேண்டும். 1940களில் பெரிய அச்சு மாற்ற இரண்டு மூன்று மணி நேரம் பிடித்தது. இயந்திரம் நின்ற பிறகு செய்யும் வேலைகளில் எவற்றை முன்னதாகவே செய்து வைக்கலாம் என்று பிரித்துப் பார்த்தார்கள். 1960களின் இறுதியில் அது மூன்று நிமிடமாகக் குறைந்தது. இதில் ஷிகேயோ ஷிங்கோ என்ற பொறியாளரின் பங்கும் பெரிது.

ஏழு வீண்களும் ஐந்து ஏன்களும்

வீண் என்பதற்கு ஜப்பானியச் சொல் முடா. ஓனோ அதை ஏழாக வகுத்தார். தேவைக்கு மேல் செய்வது, காத்திருப்பது, பொருளைத் தேவையின்றி இடம் மாற்றுவது, தேவையற்ற செயல்முறை, தேங்கிக் கிடக்கும் இருப்பு, வீண் அசைவு, பழுதான பொருள் செய்வது. இவற்றுள் மோசமானது முதலாவதுதான் என்றார். ஏனென்றால், அளவுக்கு மேல் செய்தால் அதை வைக்க இடம், தூக்க ஆள், எண்ணப் பதிவேடு என்று மற்ற வீண்களும் பின்னாலேயே வரும். அது மட்டுமா? குவியலுக்கு அடியில் பழுதுகளும் மறைந்துகொள்ளும்.

அசைவு வேறு, வேலை வேறு என்பதும் அவர் அழுத்திச் சொன்ன கருத்து. ஜப்பானிய எழுத்துமுறையில் அசைவைக் குறிக்கும் எழுத்தோடு மனிதரைக் குறிக்கும் பகுதியைச் சேர்த்தால் வேலை என்ற எழுத்து கிடைக்கும். தானியக்கம் என்ற சொல்லை எழுதும்போது ஓனோ இந்த மனிதப் பகுதியைச் சேர்த்தே எழுதினார். இயந்திரம் வெறுமனே ஓடினால் போதாது, தவறு நேர்ந்தால் நிற்கும் அறிவும் அதற்கு வேண்டும் என்பது அதன் பொருள்.

அந்த அறிவு பொருத்தும் வரிசையில் நிற்கும் மனிதருக்கும் உரியது. குறை கண்ட எந்தத் தொழிலாளியும் வரிசையை நிறுத்தலாம் என்று ஓனோ ஏற்பாடு செய்தார். மற்ற நாடுகளின் பெரிய தொழிற்சாலைகளில் வரிசையை நிறுத்துவது பெரும் குற்றமாகக் கருதப்பட்ட காலம் அது. தொடக்கத்தில் டொயோட்டாவிலும் வரிசை அடிக்கடி நின்றது. ஒவ்வொரு முறையும் காரணத்தைக் கண்டு நீக்கியதால், நாளாக நாளாக நிற்பது குறைந்தது.

காரணம் காண அவர் சொன்ன வழி, ஐந்து முறை ஏன் என்று கேட்பது. ஓர் இயந்திரம் நின்றுவிட்டது. ஏன்? சுமை அதிகமாகி ஃபியூஸ் எரிந்தது. ஏன் சுமை? பேரிங்கில் எண்ணெய் போதவில்லை. ஏன் போதவில்லை? பம்பு சரியாக இறைக்கவில்லை. ஏன்? பம்பின் தண்டு தேய்ந்திருந்தது. ஏன் தேய்ந்தது? வடிகட்டி இல்லாததால் இரும்புத்தூள் உள்ளே போயிருந்தது. முதல் கேள்வியோடு நிறுத்தியிருந்தால் ஃபியூஸ் மட்டும் மாற்றப்பட்டிருக்கும். சில வாரங்களில் இயந்திரம் மீண்டும் நின்றிருக்கும்.

கண்டிப்பான ஆசான்

ஓனோ இனிமையாகப் பேசும் ஆசிரியர் அல்லர். அவரிடம் பயின்றவர்கள், சுண்ணக்கட்டி வட்டத்துக்குள் மணிக்கணக்கில் நின்றதைப் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார்கள். விடையை அவர் சொல்லவே மாட்டார். அலுவலகத்தில் உட்கார்ந்து அறிக்கை படிப்பவரை அவருக்குப் பிடிக்காது. வேலை நடக்கும் இடத்துக்குப் போய்க் கண்ணால் பார்க்க வேண்டும். நிறுவனத்துக்குள்ளேயே பலர் நெடுங்காலம் அதை டொயோட்டா முறை என்று ஏற்கவில்லை, ஓனோ முறை என்றே ஒதுக்கி வைத்தார்கள். கீச்சிரோவின் உறவினர் எய்ஜி டொயோடா போன்ற மேலிடத்தவரின் ஆதரவு இல்லாதிருந்தால் அவர் தாக்குப்பிடித்திருப்பது கடினம். அப்படிப் பயின்றவர்களில் ஒருவரான ஃபுஜியோ சோ, 1999இல் டொயோட்டாவின் தலைவரானார்.

இந்த முறைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. அதையும் சொல்லாவிட்டால் கதை முழுமையாகாது. சத்தோஷி கமாத்தா என்ற பத்திரிகையாளர் 1970களின் தொடக்கத்தில் டொயோட்டாவில் பருவகாலத் தொழிலாளியாகச் சேர்ந்து, வேலையின் வேகமும் களைப்பும் மனிதரை எப்படி வாட்டுகின்றன என்று 1973இல் ஒரு நூல் எழுதினார். வீணை நீக்குகிறோம் என்ற பெயரில் மூச்சுவிடும் நேரத்தையும் நீக்கிவிட முடியும் என்பது அதன் எச்சரிக்கை. முடாவோடு முரி என்ற சொல்லையும் ஜப்பானியர் சேர்த்தே சொல்வார்கள். மனிதர் மீதோ இயந்திரத்தின் மீதோ அளவுக்கு மீறிச் சுமை ஏற்றுவது முரி. அதுவும் நீக்கப்பட வேண்டியதே. முடாவை மட்டும் நினைவில் வைத்து முரியை மறந்த முதலாளிகள் ஜப்பானிலும் உண்டு, மற்ற நாடுகளிலும் உண்டு.

இருப்பு குறைவாக வைப்பதிலும் ஆபத்து உண்டு. 1997இல் ஐசின் என்ற துணை நிறுவனத்தின் தொழிற்சாலை தீப்பிடித்தபோது, பிரேக் சம்பந்தமான ஒரு சிறு பாகம் கிடைக்காமல் ஜப்பானில் டொயோட்டாவின் உற்பத்தி சில நாட்கள் நின்றுபோனது. மற்ற நிறுவனங்கள் கைகொடுத்ததால்தான் விரைவில் மீண்டது.

உலகம் திரும்பிப் பார்த்தது

1973இல் எண்ணெய் நெருக்கடி வந்தது. ஜப்பானின் பொருளாதாரம் தள்ளாடியபோது டொயோட்டா மற்றவர்களைவிட விரைவாக எழுந்தது. அப்போதுதான் மற்ற நிறுவனங்கள் ஓனோவின் பட்டறையை எட்டிப் பார்க்கத் தொடங்கின. 1975இல் அவர் நிர்வாகத் துணைத் தலைவரானார். 1978இல் டொயோட்டாவிலிருந்து ஓய்வு பெற்றார். அதே ஆண்டு தம் உற்பத்தி முறையை விளக்கும் நூலையும் வெளியிட்டார்.

1984இல் டொயோட்டாவும் ஜெனரல் மோட்டார்ஸும் சேர்ந்து கலிபோர்னியாவில் ஒரு தொழிற்சாலையைத் தொடங்கின. அதில் பணியாற்றிய ஜான் கிராஃப்சிக் 1988இல் இந்த முறைக்கு லீன் என்று பெயர் வைத்தார். கொழுப்பில்லாதது, மெலிந்தது என்று பொருள். இன்று நிர்வாகப் பாடப்புத்தகங்களில் நீங்கள் காணும் சொல் அதுதான். ஓனோ 1990 மே 28ஆம் நாள் காலமானார். லீன் என்ற சொல்லை உலகெங்கும் பரப்பிய, மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்களின் நூல் வெளிவந்ததும் அதே ஆண்டுதான்.

நான் இழுக்காத கயிறு

இனி என் கதையின் மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். பயிற்சியின் ஆறாவது வாரம், ஒரு மாலை நேரம். என் முன் வந்த பாகங்களின் விளிம்பில் சிறிய பிசிறு இருப்பதைப் பார்த்தேன். ஷிஃப்ட் முடிய ஒரு மணி நேரம்தான் இருந்தது. வரிசையை நிறுத்தும் கயிறு கைக்கெட்டும் தூரத்தில் தொங்கியது. நான் இழுக்கவில்லை. சிறிய பிசிறுதானே, நான் பயிற்சி மாணவன்தானே என்று விட்டுவிட்டேன். மறுநாள் காலை நானூறுக்கும் மேற்பட்ட பாகங்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்க ஆறு பேர் உட்கார்ந்தார்கள். அவர்களில் அந்த அக்காவும் ஒருவர்.

ஐயாவிடம் போய் ஒப்புக்கொண்டேன். பயிற்சி அறிக்கையில் என் பெயர் கெட்டுவிடும் என்று கைகள் நடுங்கின. அவர் திட்டவில்லை. ஏன் என்று கேட்கத் தொடங்கினார். ஏன் நிறுத்தவில்லை? பயமாக இருந்தது. ஏன் பயம்? நிறுத்தினால் எல்லாரும் என்னைப் பார்ப்பார்கள். ஏன் அப்படித் தோன்றியது? முந்திய வாரம் ஒருவர் நிறுத்தியபோது அவரிடம் கடுகடுத்தார்கள். ஏன் கடுகடுத்தார்கள்? அன்றைய எண்ணிக்கை குறைந்துவிடும் என்று. ஏன் எண்ணிக்கைக்கு அவ்வளவு முக்கியம்? அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் நாங்கள்தான் என்று ஐயா மெல்லச் சொன்னார்.

அன்று பிற்பகல், வரிசையை நிறுத்துபவருக்கு முதலில் நன்றி சொல்ல வேண்டும், பிறகுதான் காரணம் கேட்க வேண்டும் என்று மற்ற மேற்பார்வையாளர்களிடம் பேசினார். என் அறிக்கையில் நடந்ததை மறைக்காமல் எழுதினார். நானே வந்து சொன்னதையும் சேர்த்து எழுதினார்.

மாணவர்களே, உங்கள் தேர்வுத் தாளில் சிவப்பு மை நிறைய இருக்கும் நாளில், இனி நன்றாகப் படிப்பேன் என்று பொதுவாகச் சொல்லி மூடிவைக்காதீர்கள். ஒரு தவறை எடுத்து ஐந்து முறை ஏன் என்று கேளுங்கள். சில வேளை ஒரு சூத்திரம் புரியாதது காரணமாக இருக்கும். சில வேளை புரியவில்லை என்று வகுப்பில் கையைத் தூக்கக் கூச்சப்பட்டது காரணமாக இருக்கும். குழு வேலையில் தவறு கண்டால், முடிக்கும் முன்பே சொல்லுங்கள். நாளை நீங்கள் மேலாளரானால், தவறைச் சொல்ல வருபவரை எப்படி வரவேற்கிறீர்கள் என்பதை மறக்காதீர்கள்.

ஐயா ஓய்வு பெற்றுப் பல ஆண்டுகள் ஆகின்றன. நான் இப்போது வேறொரு தொழிற்சாலையில் பொறியாளர். புதிதாகப் பயிற்சிக்கு வரும் மாணவர்களுக்காக என் மேசை இழுப்பறையில் ஒரு சுண்ணக்கட்டி எப்போதும் இருக்கிறது. வட்டம் வரைந்த பிறகு, கயிறு எங்கே தொங்குகிறது என்பதையும் காட்டிவிட்டுத்தான் நகர்கிறேன்.